பழைய அச்சுப்பொறி வாங்குமுன்



நாங்கள் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் சோதனைத் தாளுக்கென்று ஒரு தனி வாடை உண்டு. ஆசிரியர் ஸ்டென்சில் தாளில் எழுதி, உருளை இயந்திரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி எடுத்துத் தருவார். தாளிலும் மை, அவர் விரலிலும் மை. இன்று அந்த வேலையை மேசைமேல் வைக்கும் சிறு அச்சுப்பொறி செய்துவிடுகிறது. பிரிண்டர் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். பள்ளிக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் இது வேண்டியதாகிவிட்டது. பயிற்சித் தாள், உதவிநிதி மனு, பிறப்புப் பத்திரத்தின் நகல் என்று ஏதாவது ஒன்றுக்காகப் பட்டணத்துக்குப் பஸ் ஏறும் பெற்றோரை நாம் வாரந்தோறும் பார்க்கிறோம். தாளுக்குக் கொடுக்கும் காசைவிடப் பஸ்சுக்குக் கொடுக்கும் காசு அதிகம்.

ஆகவே, ‘பழைய பிரிண்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?’ என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். எதைப் பார்ப்பது என்பதுதான் இன்றைய உரை.

முதலில் நாங்கள் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தோட்டத்து ஆண்களில் சிலர் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர்கள். அவர்களில் ஒருவர், எங்கள் மாணவர் ஒருவரின் தந்தை, “தேக்கா பக்கம் பழைய பிரிண்டர் விற்கிறாங்க சார். ஞாயிற்றுக்கிழமை வாங்க, போய்ப் பார்ப்போம்” என்றார். பெற்றோர்கள் ஆளுக்கு ஐந்து வெள்ளியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

தேக்கா நம் தாத்தா காலத்திலிருந்தே தோட்டத்து மக்களுக்குப் பழகிய பெயர். சீனத்து ஹொக்கியன் மொழியில் ‘தெக் கியா கா’, அதாவது சிறு மூங்கில்களின் அடிவாரம் என்ற பெயரே தமிழர் வாயில் தேக்கா ஆயிற்று. சிராங்கூன் சாலைச் சந்தையில் ஆட்டிறைச்சியும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு சிறிது தூரம் நடந்தால், ரோச்சோர் கால்வாய்ச் சாலைப் பக்கம் சிம் லிம் சதுக்கமும் சிம் லிம் கோபுரமும் வரும். கணினிப் பொருள்களுக்கும் மின்னணு உதிரிகளுக்கும் பேர்போன கட்டடங்கள் அவை. அருகே சுங்கை சாலையில் 1930களிலிருந்து பழம்பொருள் சந்தை ஒன்று நடந்துவந்தது. 2017 ஜூலை 10 அன்று அது மூடப்பட்டது. அதன்பின் பழைய பொருளைத் தேடுவோர் சிறு கடைகளையும் கைப்பேசி வழி விற்போரையும் நாடுகிறார்கள்.

அன்று ஒரு கடையில் பளபளவென்று துடைத்து வைத்திருந்த அச்சுப்பொறி ஒன்றைக் காட்டினார்கள். பக்கத்திலே அழகாக அச்சான தாள் ஒன்றும் இருந்தது. விலை மலிவு. நாங்கள் பணத்தைக் கொடுத்துப் பொறியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். இரண்டு நாள் அச்சடித்தது. மூன்றாம் நாள் விளக்குகள் மாறி மாறி மின்னின. பொறி நின்றுவிட்டது. பட்டணத்துப் பழுதுபார்ப்பவர் திறந்து காட்டினார். கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு அடிவரை ஊறிப்போயிருந்தது. பழுதுபார்க்கும் கூலி, வாங்கிய விலையைவிட அதிகம் வந்தது.

பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. ஒரு தாய் எழுந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. “மிஷினைப் பார்த்து வாங்கினீங்க. மையைப் பார்த்தீங்களா, ஐயா?” என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் எங்களுக்குப் பாடமாயிற்று. அதன் பிறகு படித்தும், கழற்றிப் பார்த்தும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே சொல்கிறோம்.

பழைய அச்சுப்பொறி ஏன் மலிவாகக் கிடைக்கிறது? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். பொறி மலிவு, மை விலை அதிகம். மை தீர்ந்ததும் புது மைப்பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டுப் பலர் பொறியையே தள்ளிவிடுகிறார்கள். ஆகவே பழைய பொறி வாங்கும் நாம், அதற்கு மையை நாமே நிரப்ப முடியுமா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நாற்பது பிள்ளைகள். வாரம் ஆளுக்கு 5 தாள். நாற்பது பள்ளி வாரங்கள். மொத்தம் 8,000 தாள். எச்.பி. நிறுவனத்தின் 680 என்ற கறுப்பு மைப்பெட்டி சுமார் 480 பக்கம் வரும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அப்படியானால் ஓராண்டுக்குப் பதினேழு பெட்டி வேண்டும். எப்சன் நிறுவனத்தின் 664 என்ற கறுப்பு மைக்குப்பி 70 மில்லி லிட்டர். அது சுமார் 4,000 பக்கம் வரும் என்பது அவர்கள் கணக்கு. ஓராண்டுக்கு இரண்டு குப்பி போதும். எழுத்து நெருக்கமாகவும் படங்கள் நிறையவும் இருந்தால் இரண்டுமே குறையும். ஆனால் பதினேழுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாறாது.

இனி, கடையில் நின்று நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. முதலாவது, மை எங்கே இருக்கிறது? இரண்டாவது, மைக்குக் கணக்கு வைப்பது யார்? மூன்றாவது, கழிவு மை எங்கே போகிறது? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்விக்கு விடை காண, மை எப்படித் தாளில் விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக மைத்துளிகள் தாளின்மீது பாய்கின்றன. அந்தத் துளைகள் உள்ள உறுப்பையே அச்சுத்தலை என்கிறோம். துளியைப் பாயச் செய்வதற்கு இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று வெப்ப முறை. 1977இல் ஜப்பானில் கேனன் நிறுவனத்தின் ஆய்வாளர் இச்சிரோ எண்டோ, மை நிறைந்த ஊசியின்மேல் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டபோது மை பீறிட்டு வருவதைக் கண்டார். நுண்ணிய சூடேற்றி மையைக் கண நேரத்தில் கொதிக்க வைக்கிறது. குமிழி எழும்பித் துளியைத் தள்ளுகிறது. கேனன், எச்.பி. பொறிகள் இந்த முறையில் வேலை செய்கின்றன. மற்றொன்று அழுத்த முறை. மின்சாரம் பட்டால் வளையும் பீசோ என்ற படிகம், மையைப் பிதுக்கித் தள்ளுகிறது. எப்சன், பிரதர் பொறிகள் இந்த வகை.

பழைய பொறி வாங்குவோருக்கு இந்த வேறுபாடு ஏன் வேண்டும்? எச்.பி.யின் பல பொறிகளிலும் கேனனின் மலிவான பொறிகளிலும் அச்சுத்தலை மைப்பெட்டியோடு ஒட்டியே இருக்கிறது. தலை கெட்டால் பெட்டியை மாற்றினால் போதும், பொறி பிழைத்துக்கொள்ளும். எப்சன் பொறியிலோ தலை பொறிக்குள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அது தேய்ந்து போவது அரிது. ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்து துளை அடைத்துக்கொண்டால், பழுது பொறியையே பிடித்துவிடும். பால்மரத்தின் வெட்டுக் கோட்டில் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டால் அடுத்த பால் இறங்காதல்லவா? அதே போலத்தான் இதுவும்.

மை இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பொறிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, தலையும் மையும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி. எச்.பி. 680, கேனன் பி.ஜி. 745 போன்றவை இதில் சேரும். உள்ளே பஞ்சு இருக்கும். ஊசி போட்டு நிரப்பலாம். சில முறை நிரப்பியதும் தலை தேய்ந்துவிடும். குறைவாக அச்சடிக்கும் வீட்டுக்கு இது போதும்.

இரண்டாம் வகை, நிறத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பெட்டிகள். தலை வேறு, பெட்டி வேறு. கேனனின் பழைய பொறிகளில் இருந்த பி.சி.ஐ. 3, பி.சி.ஐ. 6 பெட்டிகள் கண்ணாடிபோல் உள்ளே தெரியும், அவற்றில் சில்லு கிடையாது. மை நிரப்புவோர் அவற்றைக் கொண்டாடியதில் வியப்பில்லை. அந்தப் பொறிகளின் தலையைக் கழற்றிக் கழுவவும் முடியும். ஆனால் அவை இப்போது வயதானவை. தலை கெட்டால் வேறு தலை கிடைப்பது கடினம்.

மூன்றாம் வகை, பக்கத்திலேயே மைத்தொட்டி வைத்த பொறி. எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில் முதன்முதலாக எல் வரிசைப் பொறிகளை விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பே அப்பக்கத்துக் கடைக்காரர்கள் பொறியின் வெளியே குப்பி கட்டி, குழாய் இழுத்து மை கொடுத்து வந்தார்கள். மக்கள் கையால் செய்ததையே நிறுவனம் பிறகு ஆலையில் செய்தது. கேனனின் ஜி வரிசை 2015இல் வந்தது. எச்.பி.யும் பிரதரும் தொட்டிப் பொறிகளைக் கொண்டுவந்தன. இவற்றில் ஊசி வேண்டாம், துளை போட வேண்டாம். மூடியைத் திறந்து, குப்பியைக் கவிழ்த்து ஊற்ற வேண்டியதுதான். நிறையத் தாள் அச்சடிக்கும் பள்ளிக்கும் குடும்பத்துக்கும் இதுவே ஏற்றது. கேனன் ஜி வரிசையிலும் எச்.பி.யின் 315, 415 தொட்டிப் பொறிகளிலும் தலையைத் தனியே மாற்ற முடியும் என்பது பழைய பொறி வாங்குவோருக்கு இன்னொரு நன்மை.

இனி இரண்டாம் கேள்வி. மைக்குக் கணக்கு வைப்பது யார்? பல மைப்பெட்டிகளில் நகக்கண் அளவு சில்லு ஒன்று ஒட்டியிருக்கும். எத்தனை துளி போயிற்று என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை முடிந்ததும், பெட்டியில் மை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘மை இல்லை’ என்று சொல்லிவிடும். இதிலும் நல்லவர் கெட்டவர் உண்டு. எச்.பி. 680 போன்ற பெட்டிகள் எச்சரிக்கை மட்டும் தரும். ‘சரி’ என்று அழுத்திவிட்டு மேலே அச்சடிக்கலாம். கேனன் பொறிகளில் நிறுத்து என்ற பொத்தானை ஐந்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், மை அளவு பார்ப்பதை அது விட்டுவிடும். எப்சனின் பெட்டி வைத்த பொறிகளோ கணக்கு முடிந்தால் நின்றுவிடும். மை நிரப்பினாலும் சில்லை மாற்றியோ, கணக்கைத் திருப்பிவைத்தோதான் ஓட்ட முடியும். நாமே மை நிரப்ப எண்ணினால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. எல் 100, எல் 200 என்ற தொடக்க காலத் தொட்டிப் பொறிகள் மைக்குப்பியில் அச்சிட்ட எண்ணைக் கேட்டன. அவற்றை வாங்கும்போது இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 2016 செப்டம்பரில் எச்.பி.யின் சில பொறிகள், அதுவரை ஏற்றுவந்த வேற்று நிறுவன மைப்பெட்டிகளைத் திடீரென மறுத்தன. பொறிக்குள் இருந்த மென்பொருள் மாறியதே காரணம். வாடிக்கையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் நிறுவனம் மாற்று வழி கொடுத்தது. ஆகவே பழைய பொறியை இணையத்தில் இணைத்தவுடன் ‘புதுப்பிக்கவா?’ என்று கேட்டால் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம். 2020இல் எச்.பி. அறிவித்த ‘பிளஸ்’ திட்டத்தில் சேர்ந்த பொறிகள் அந்த நிறுவனத்தின் சொந்த மையையே ஏற்கும், இணையத் தொடர்பும் கேட்கும். மாதிரிப் பெயரின் கடைசியில் சிறிய ‘இ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இத்திட்டத்துக்காக வந்த பொறி. மை நிரப்ப விரும்புவோர் அதைத் தொட வேண்டாம்.

மை நிரப்புவது குற்றமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்ற அச்சுப்பொறி நிறுவனம் இதற்காக வழக்குத் தொடுத்தது. விற்ற பெட்டியின்மேல் காப்புரிமையைக் காட்டி வாங்கியவரைக் கட்டுப்படுத்த முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தது. அது அமெரிக்கச் சட்டம். ஆயினும் காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் மை ஊற்றுவது ஒன்றும் திருட்டு வேலையன்று என்று நாம் மனம் தெளியலாம்.

மூன்றாம் கேள்வி, எங்களை வீழ்த்திய கேள்வி. கழிவு மை எங்கே போகிறது? அச்சுத்தலை அடைக்காமலிருக்கப் பொறி அவ்வப்போது கொஞ்சம் மையை உறிஞ்சி வெளியே தள்ளும். அது பொறியின் அடியில் உள்ள பஞ்சில் போய்ச் சேரும். எவ்வளவு போயிற்று என்பதற்கும் பொறியில் ஒரு கணக்கு உண்டு. பஞ்சு நிறைந்ததாகக் கணக்கு காட்டினால் பொறி நின்றுவிடும். கேனன் பொறிகளில் ‘5பி00’ என்ற குறி வந்தால் அதுதான் பொருள். எப்சனில், உள்ளுறுப்புகளின் ஆயுள் முடிந்தது என்ற அறிவிப்பு வரும். கணக்கை மட்டும் அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. பஞ்சை மாற்றாமல் கணக்கை அழித்தால் மை ஒருநாள் மேசையில் வழியும். ஆகவே, “பஞ்சு மாற்றியதா, கணக்கு மட்டும் அழித்ததா?” என்று நேராகக் கேளுங்கள். பொறியைச் சாய்க்காமல் சற்றுத் தூக்கி அடியில் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக மை ஒட்டினால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கேனன் ஜி 2020, ஜி 3020 போன்ற பிந்திய பொறிகளில் கழிவு மைக்கென்று நாமே கழற்றி மாற்றக்கூடிய பெட்டி வைத்திருக்கிறார்கள். அது பெரிய நிம்மதி.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல் பார்க்காமல் வாங்கலாமா? கடையில் செய்ய வேண்டிய சோதனையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

வெற்றுத் தாள் பத்து வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அன்றைய தேதியை எழுதிக்கொள்ளுங்கள். கடையில் முன்பே அச்சடித்து வைத்த தாளைப் பார்த்து மயங்காமலிருக்க இது உதவும். பொறியை உங்கள் கண்முன் அணைத்து மறுபடி போடச் சொல்லுங்கள். துளைச் சோதனைத் தாள் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். நான்கு நிறத்திலும் மெல்லிய கோடுகள் வரும். கோடு எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு இடத்தில் அறுந்தால் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லி மறுபடி பாருங்கள். இரண்டு முறைக்குப் பின்னும் அறுந்தால் அந்தப் பொறி வேண்டாம். அடுத்துக் கறுப்பு எழுத்தில் ஐந்து தாள் தொடர்ந்து அடியுங்கள். முதல் தாள் நன்றாக இருந்து ஐந்தாம் தாள் மங்கினால் மை சரியாக வரவில்லை என்று பொருள். தொட்டிப் பொறியானால் குழாய்களைப் பாருங்கள். மைக்கு நடுவே நீளமான காற்று இடைவெளி தெரிந்தால் வேண்டாம். தாள் இழுக்கும்போது கரகரவென்ற சத்தம் வருகிறதா, இரண்டு தாளாகச் சேர்த்து இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

பொறிக்குரிய மை தொடர்ந்து கிடைக்கிறதா என்பதையும் வாங்குமுன் விசாரியுங்கள். கறுப்பு மை இரண்டு வகை. ஒன்று நீரில் கரைந்த சாய மை. மற்றொன்று நுண்பொடி கலந்த மை. கேனன் ஜி வரிசையின் கறுப்பு பொடி மை. எப்சன் 664 சாய மை. பொடி மை தண்ணீர் பட்டால் எளிதில் கலையாது. மழையில் நனைந்து வரும் பிள்ளையின் தாளுக்கு அது நல்லது. ஆனால் ஒன்றை ஊற்ற வேண்டிய இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் துளை அடைத்துக்கொள்ளும். விலை குறைவு என்று பெயரில்லாத மையை வாங்கி ஊற்றிவிட்டுப் பிறகு பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை.

விலை பேசி முடிந்ததா? ரசீது வாங்குங்கள். கடையின் பெயர், தேதி, மாதிரி எண், கொடுத்த தொகை நான்கும் அதில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் பழுதுப் பொருள் சட்டம் நடப்பில் உள்ளது. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அக்குறை இருந்ததாகக் கொள்வதே பொது விதி. இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. பழுதுபார்த்தல், மாற்றித் தருதல், விலையைக் குறைத்தல், பணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவற்றை நாம் கேட்கலாம். ஆனால் பழைய பொருளின் வயதும் விலையும் கணக்கில் வரும். முன்பே சொல்லி விற்ற குறைக்கும், நாமே கெடுத்ததற்கும் இது பொருந்தாது. கைப்பேசி வழி தனியாள் ஒருவர் தம் சொந்தப் பொருளை விற்றால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. நாங்கள் அன்று ரசீது வாங்கவில்லை. அதனால் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடவும் எங்கள் கையில் ஒன்றுமில்லை.

எல்லை கடந்து கொண்டுவருவோர், பயன்படுத்திய மின்சாதனங்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு உண்டு என்பதை மறக்க வேண்டாம். சுங்கத்துறையிடம் முன்னதாகக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சிக்கல் என்று தோன்றினால் தேக்காவில் கற்றதை மனத்தில் வைத்துக்கொண்டு ஜொகூர் பாருவிலோ உங்கள் பட்டணத்திலோ வாங்குங்கள். கேள்வி மூன்றும் எந்த ஊருக்கும் ஒன்றுதான். மின்சாரத்தில் தொல்லையில்லை. இரண்டு நாட்டிலும் மும்முனைச் செருகி ஒரே வடிவம். ஆனால் ஜப்பானில் விற்பதற்கென்றே செய்த பொறி 100 வோல்ட் மட்டும் தாங்கக்கூடும். பின்புறத் தகட்டைப் படித்துப் பாருங்கள்.

தொட்டிப் பொறியைப் பஸ்ஸில் கொண்டுவரும்போது கவிழ்க்கக் கூடாது, சாய்க்கக் கூடாது. மூடிகளை இறுக்குங்கள். பழைய எல் வரிசைப் பொறிகளில் பயணத்துக்கென்று ஒரு பூட்டுத் திருகு இருக்கும், அதைத் திருப்பிவிடுங்கள். மூடியைச் சரியாக இறுக்காமல் கொண்டுவந்து எங்கள் வெள்ளைச் சட்டையில் நீலத்தை வாங்கிக்கொண்டவர்கள் நாங்கள். சட்டை இன்னும் வெளுக்கவில்லை.

பெட்டிப் பொறி வாங்கியவர்கள் மை நிரப்பும் முறையைக் கேளுங்கள். பெட்டியின் மேலே ஒட்டிய தாளை உரித்தால் சிறு துளைகள் தெரியும். நிறப் பெட்டியில் மூன்று துளை. எந்தத் துளை எந்த நிறம் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பல்குத்தும் குச்சியை மெல்ல விட்டு எடுத்தால் நுனியில் நிறம் தெரியும். முனை மழுங்கிய ஊசியால் மெதுவாக, துளித்துளியாக விடுங்கள். மேலே ததும்பினால் நிறுத்திவிட்டு ஒற்றி எடுங்கள். செப்புத் தகடு மின்னும் பக்கத்தைக் கையால் தொடாதீர்கள். ஈரத்தாளில் தலையை ஒருமுறை ஒற்றிப் பார்த்தால் நிறங்கள் பட்டையாக விழும். முக்கியமாக, மை முழுவதும் தீருமுன்பே நிரப்புங்கள். வெப்ப முறைத் தலையைக் குளிரவைப்பதும் அந்த மைதான். மையில்லாமல் ஓட்டினால் தலை எரிந்துபோகும். வாரம் ஒருமுறையாவது நிறம் கலந்த ஒரு தாள் அச்சடியுங்கள். சும்மா கிடக்கும் பொறியே சீக்கிரம் கெடுகிறது. மைக்குப்பிகள் சிறு பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதத்துக்கு நான்கைந்து தாள்தான் உங்கள் தேவை என்றால், மைப்பொறி வாங்கவே வேண்டாம். அது காய்ந்து கெடும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி ஒரு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு எழுத்து மட்டும் போதும் என்போர் பழைய லேசர் பொறியைப் பார்க்கலாம். அதில் இருப்பது பொடி. எத்தனை மாதம் கிடந்தாலும் காயாது.

ஆயுள் முடிந்த பொறியைச் செம்பனைக் காட்டிலோ வாய்க்காலிலோ எறிந்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல் அச்சுப்பொறி போன்ற மின்கழிவுகளைத் தனியே சேகரிக்கும் சட்டப்படியான திட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் பக்கத்திலும் பட்டணத்தில் மின்கழிவு வாங்குவோர் உண்டு. அவர்களிடம் கொடுங்கள்.

நேயர்களே, எங்கள் பள்ளிக்கு இரண்டாம் முறையும் பெற்றோர்கள் ஐந்து ஐந்து வெள்ளியாகக் கொடுத்தார்கள். ஒருமுறை ஏமாந்தவர்களை நம்பி மறுபடி கொடுப்பது எளிதன்று. இம்முறை தேதி எழுதிய தாள்களோடு போனோம். முதல் இரண்டு பொறிகளை வேண்டாம் என்றோம். மூன்றாவது, தொட்டி வைத்த பழைய பொறி. மேலே கீறல், மூடியில் ஒரு விரிசல். பார்க்க அழகில்லை. ஆனால் கோடு ஒன்றும் அறுபடவில்லை, அடி உலர்ந்திருந்தது. ரசீதோடு வாங்கி வந்தோம். இன்று காலையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதத் தாள் அதில்தான் அடித்தோம். முதல் தாளை எடுத்து, அன்று கேள்வி கேட்ட தாயின் மகளிடம் கொடுத்தோம்.

பொறியைப் பார்த்து வாங்காதீர்கள், மையைப் பார்த்து வாங்குங்கள்.